பதினோராவது பொத்தான்

குடைக்குத்தான். அதில் பேச்சே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவாகிவிட்டது. முடிவான காரியத்தை எடுத்து எடுத்துப் புரட்டிப் பார்ப்பது புத்தியுள்ளவர்கள் செய்கிற வேலையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பூங்கோதை இடது காலில் நின்ற பாரத்தை வலது காலுக்கு மாற்றினாள். வலது முட்டியிலும் வலிதான். மாற்றின அந்த ஒரு நிமிஷம் மட்டும் வலி போய்விட்டதுபோல இருக்கும், பிறகு இதற்கு அதுவே தேவலை என்று தோன்றும், மறுபடி இடது கால். மதியத்துக்குமேல் வந்தால் கூட்டம் இருக்காது என்று நினைத்து மூன்று மணிக்கு வந்திருந்தாள். வேம்பக்குடிகாட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அதையேதான் நினைத்திருக்கிறார்கள் போல. நடுநிலைப் பள்ளியின் வராந்தாவில் தொடங்கி, கொடிக்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, சத்துணவுக் கூடத்து நிழல்வரை பெண்கள் வரிசை. பக்கத்தில் ஆண்கள் வரிசை, இதில் பாதிகூட இல்லை. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஒரு ஆண், இரண்டு பெண் என்று உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். பூங்கோதைக்கு முன்னால் இருபத்திரண்டு தலை. நின்றதும் எண்ணிவிட்டாள். எண்ணுவது அவளுக்குக் கைவந்த பழக்கம். இந்த ஊரில் எத்தனை வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, அதில் எத்தனையில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுவரை எண்ணி எழுதிக்கொடுத்தவள். இரண்டாவது பொத்தான். பார்த்து அமுக்கிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

அந்தக் கக்கூஸ் எண்ணுகிற வேலைக்கு ஊர்நலப் பணியாளர் என்று பெயர். குடைக்கட்சி ஆட்சியில் ஊருக்கு ஒருவர் என்று போட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்தொன்று. குடைக்காரர் மேடைப் பேச்சு எங்கே நடந்தாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிற அப்பா அந்த மேடையில் கேட்டு வைத்த பெயருக்கு ஒரு பலன் கிடைத்தது என்று ஊரில் கேலி பேசினார்கள். வாடகை சைக்கிளில் போய்த் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்தாள், பிறப்பு இறப்பு எழுதினாள், சாயங்காலமானால் இதே பள்ளிக்கூடத்தில், அதோ அந்த மூன்றாவது அறையில், வயதான பெண்களை உட்காரவைத்துக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தாள். இரண்டே வருஷம். தேர்க்கட்சி வந்தது. வந்த மாசமே ஓர் உத்தரவு, ஊர்நலப் பணியாளர் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஏன் என்றால், குடைக்காரன் போட்ட ஆட்கள். அவள் எந்தக் குடையையும் பிடித்ததில்லை. மழைக்குக்கூடச் சாக்கைத்தான் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு போவாள். ஐந்து வருஷம் கழித்துக் குடை வந்தது, கூப்பிட்டார்கள், போனாள். அடுத்த ஐந்தாவது வருஷம் தேர் வந்தது, விரட்டினார்கள், வந்தாள். மறுபடி குடை, மறுபடி வேலை, மறுபடி தேர், மறுபடி வீடு. மூன்று தடவை மாலை, மூன்று தடவை செருப்பு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடிக்கிறவன் கையில் ஓர் இடத்தில் இருக்கிறது. நான்காம் தடவை குடை வந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு. சட்டச் சிக்கல் இருக்கிறது, ஆராயக் குழு போட்டிருக்கிறோம் என்றார்கள். அந்தக் குழு உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், ஐந்து வருஷம் எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் தேர். இப்போது ஐம்பத்தெட்டு. இந்தத் தடவை குடைக்காரர்கள் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்: வந்தால் முதல் கையெழுத்து ஊர்நலப் பணியாளருக்கு, அறுபது தாண்டாத எல்லோரும் நிரந்தரம், ஓய்வூதியமும் உண்டு. அறுபது தாண்டாதவர்கள். அடுத்த தேர்தல் வரும்போது அவளுக்கு அறுபத்து மூன்று ஆகியிருக்கும். இது தப்பினால் அவ்வளவுதான். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காத நாள் இந்த ஒரு வருஷத்தில் இல்லை.

“அக்கா, குடைக்குத்தானே?” என்று முன்னால் நின்ற விருத்தாம்பாள் திரும்பிக் கேட்டாள். கீழத்தெருவுக்கு அவள்தான் ஊர்நலப் பணியாளராக இருந்தவள். சேர்ந்தே வேலைக்குப் போய்ச் சேர்ந்தே வீட்டுக்கு வந்தவர்கள். “மெதுவாப் பேசு, போலீஸ்காரர் பாக்கிறாரு” என்றாள் பூங்கோதை. “பாக்கட்டும். அவரு வேலைய எவன் புடுங்கப் போறான்? எந்தக் கச்சி வந்தாலும் அவருக்குத் தொப்பி உண்டு. நமக்குத்தான் தலையே போவுது.” விருத்தாம்பாள் சிரித்தாள். சிரித்த கையோடு குரலைத் தாழ்த்தினாள். “போன தடவ நம்ம தொகுதில நூத்திப் பதினோரு ஓட்டுலக்கா குடை போச்சு. நூத்திப் பதினொண்ணு! நம்ம ரெண்டு தெரு நெனச்சிருந்தா கொண்டாந்திருக்கலாம். எனக்குத் தெரியும், உனக்கு மனசு ஒப்பாது. யாருக்குத்தான் ஒப்பும்? ஆனா ஆளப் பாக்காத அக்கா, சின்னத்தப் பாரு. ஆளு யாரா இருந்தா என்ன, மேல யாரு வர்றாங்கங்கிறதுதான்.” பூங்கோதை தலையை ஆட்டினாள். சின்னத்தைப் பார். வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள் காலையிலேயே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போய்விட்டார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்த பிறகு அவர் வீட்டில் பேசுவது குறைவு. பேசினால் வெட்டி எறிந்தாற்போல இருக்கும். “செத்தவன் வரமாட்டான். இருக்கறவங்க சாப்பிடணும்” என்றார். பெற்ற தகப்பன் இதைச் சொல்லலாமா என்று அவள் கேட்கவில்லை. சொன்ன பிறகு அவர் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள். சொல்லாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லது, ஆனால் யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

வரிசை இரண்டடி நகர்ந்தது. சத்துணவுக் கூடத்து நிழல் போய் வெயில் தலைக்கு வந்தது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். சித்திரை வெயிலில் பள்ளிக்கூட மண்ணிலிருந்து ஒரு வாடை கிளம்புகிறது, அது சாக்பீசு வாடை என்று அவளுக்குத் தோன்றியது, பிறகு சுண்ணாம்புக்கல் வாடை என்று தோன்றியது. இந்தப் பக்கத்தில் மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக்கல். தோண்டினதை ஏற்றிக்கொண்டு லாரி, லாரி, லாரி. வெள்ளைப் புழுதியில் முருங்கை இலைகூட வெளுத்துப் போயிருக்கும். மகன் எழில்வாணனின் சட்டையில் அன்றைக்கு அந்த வெள்ளைதான் முதலில் தெரிந்தது. சிவப்பு அப்புறம்தான் தெரிந்தது. இருபது வயசு. பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சிமெண்ட் ஆலையில் இண்டர்வியூ என்று போனான். இஸ்திரி போட்ட சட்டையில் புழுதி படக்கூடாது என்று மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு சைக்கிளில் போனான். அம்மா, வந்து சாப்பிடறேன் என்றான். எலுமிச்சம்பழச் சாதம். வேண்டாம், அதுக்குள் போகவேண்டாம். போனால் சாயங்காலம்வரை வெளியே வர முடியாது. அவள் விரலை மடக்கி முன்னால் நிற்பவர்களை மறுபடி எண்ணினாள். பத்தொன்பது. லாரி நடேசமூர்த்தியுடையது. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை. ஒரு நாளைக்கு ஆறு நடை அடிக்காவிட்டால் கூலி இல்லை என்று சொல்லித்தான் ஓட்டவிட்டிருந்தார்கள். அப்போது நடேசமூர்த்தி தேர்க்கட்சி. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார், தேர்க்கரை வேட்டி கட்டிக்கொண்டு, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு. இழவு வீட்டுக்கு யாராவது கிரீம் பிஸ்கட் வாங்கி வருவார்களா? அதைத்தான் அவள் நினைத்தாள், அழக்கூட முடியாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவர் குடைக்கட்சிக்கு வந்துவிட்டார். வேட்டிக்கரை மாறிற்று, லாரியின் முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் மாறிற்று. லாரி அதே லாரி. இப்போது குடையின் வேட்பாளர். தேருக்கு நிற்கிறவர் யார் என்றால், அவருடைய பழைய பங்காளி, அவருக்கும் பதினெட்டு லாரி ஓடுகிறது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று சிரித்துக்கொண்டே ஊர் கேட்கிறது. கையில் பிடித்துப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னத்தைப் பார், ஆளைப் பார்க்காதே. சரி. ஆனால் அந்த மெஷினில் இப்போதெல்லாம் போட்டோவும் ஒட்டுகிறார்களே. பொத்தானுக்குப் பக்கத்தில் பெயர், பெயருக்குப் பக்கத்தில் முகம். அதைப் பார்க்காமல் எப்படிச் சின்னத்தை மட்டும் பார்ப்பது? விரலால் மறைத்துக்கொள்ளலாம். கட்டை விரலால் மறைத்துக்கொண்டு ஆட்காட்டி விரலால் அமுக்கலாம். இதையெல்லாம் ஐம்பத்தெட்டு வயசில் யோசிக்கவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு அலுப்பாக வந்தது. உட்கார்ந்தால் தேவலை. எங்கேயாவது சுவரில் சாய்ந்து, யாரும் எதையும் கேட்காத இடத்தில் உட்கார்ந்துவிட்டால் தேவலை. யார் வந்தால் என்ன, யார் போனால் என்ன என்று சொல்ல அவளால் முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மற்றவர்களுக்கு அரசாங்கம் மாறினால் சுவரில் படம் மாறும். அவளுக்கு உலை மாறும். மாற்றத்துக்கு ஓட்டுப் போடுங்கள் என்று இரண்டு பேரும் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள், தேர் ஒரு தெருவில், குடை அடுத்த தெருவில். இந்தக் கதவு இல்லையென்றால் அந்தக் கதவு. இரண்டும் ஒரே கொல்லையில் போய்த்தான் திறக்கிறது. மூன்றாவதாக ஒரு கதவு இருக்கிறது, இல்லாமல் இல்லை. அதைத் திறந்தால் சுவர். அந்தச் சுவரில் சவரிராஜ் அண்ணன் நிற்கிறார்.

அவரை நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் நினைத்தாள். தபால்காரர் சவரிராஜ், ரிட்டயர்டாகி நான்கு வருஷம், பதினோராம் எண், தையல் மெஷின் சின்னம், சுயேச்சை. அன்றைக்கு ரோட்டில் எழிலைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனவர். தபால் பையை ரோட்டோரத்தில் போட்டுவிட்டுப் போனதற்கு மேலதிகாரி மெமோ கொடுத்தார். கேஸ் நடந்தபோது ஏழு சாட்சி. டீக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டுகிறவர், ஆடு மேய்த்த பொம்பளை, எல்லோரும் பார்த்தவர்கள். கூண்டில் ஏறினதும் ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் கண் மங்கிப் போயிற்று. சவரிராஜ் மட்டும் பார்த்தேன் என்றார். லாரி வலது பக்கம் ஏறி வந்தது, பையன் ஓரமாகத்தான் போனான், நான் பார்த்தேன். கண்ணாடி என்ன பவர் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சொன்னார். கழற்றச் சொல்லித் தூரத்துக் காலண்டரைப் படிக்கச் சொன்னார். படிக்க முடியவில்லை. கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று டிரைவரை விட்டுவிட்டார்கள். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, “தோத்துட்டோம் தங்கச்சி. ஆனா சொல்லிட்டோம்” என்றார். சொல்லிட்டோம். அவர்தான் சொன்னார், அவளையும் சேர்த்துக்கொண்டார். நடேசமூர்த்திக்கு டிக்கெட் என்று தெரிந்த அன்றைக்கே நிற்கப் போகிறேன் என்றார். பைத்தியமா என்றது ஊர். முன்மொழியப் பத்துக் கையெழுத்து வேண்டும் என்று வீடு வீடாக வந்தார், ஊரில் ஒருவரும் போடவில்லை, பிறகு தபால் கொடுத்த பக்கத்து ஊர்களில்தான் பிடித்தார். அவள் வீட்டுக்கும் வந்தார். வாசலில் கலியபெருமாள் இழுத்த கையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார், தண்ணீர் கேட்டார், சொம்புத் தண்ணீரையும் குடித்தார், வெயில் ஜாஸ்தி என்றார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்காமல் போனவருக்கு என்ன சொல்வது?

ஓட்டு ரகசியம் என்கிறார்கள். ரகசியம்தான், கூட்டம் பெரிதாக இருக்கும்வரை ரகசியம். எண்ணி முடித்ததும் சாவடிவாரியாகப் போட்டுவிடுகிறார்களே: நூற்று நாற்பத்திரண்டாம் சாவடி, இன்னாருக்கு இவ்வளவு. ஆயிரம் ஓட்டு வாங்குகிறவனுக்கு அதில் யார் யார் என்று தெரியாது. ஒன்று, இரண்டு வாங்குகிறவனுக்குத் தெரியும். வாங்காதவனுக்கு நன்றாகவே தெரியும். போன தடவை முடிதிருத்தும் கடை கண்ணுச்சாமி சுயேச்சையாக நின்று சொந்தச் சாவடியில் முட்டை வாங்கினார். பெண்சாதிகூடப் போடவில்லையா, சரி, நீயாவது உனக்குப் போட்டுக்கொண்டாயா என்று கேட்டுக் கேட்டே அவரைக் கடையை மூடிக்கொண்டு ஜெயங்கொண்டம் போகவைத்துவிட்டார்கள். சவரிராஜுக்கு இந்தச் சாவடிதான். மனைவி மரியபுஷ்பம் போய் மூன்று வருஷம், மகன் குடும்பத்தோடு ஓசூரில். ஆக, வீட்டில் ஒரே ஓட்டு, அவருடையது. அவர் ஓட்டை அவர் போட்டுக்கொள்வார், அதனால் ஒன்று வரும். பூங்கோதை போட்டால் இரண்டு வரும். காகிதத்தைப் பார்ப்பார், இரண்டு என்றிருந்தால் மேலே ஒன்றும் கேட்கமாட்டார். ஒன்று என்றிருந்தாலும் கேட்கமாட்டார். தண்ணீர் குடித்துவிட்டு வெயில் ஜாஸ்தி என்பார். அதுதான் அவளைக் கொல்கிறது. இரண்டு ஓட்டு வாங்கி அவர் என்ன செய்யப் போகிறார்? அவருக்குப் போட்டால் அது கிணற்றில் போட்ட கல். அதுகூட இல்லை, தேருக்கே போட்டதாக ஆகும் என்று விருத்தாம்பாள் கணக்குச் சொல்கிறாள்: குடைக்கு ஒன்று குறைந்தால் தேருக்கு ஒன்று கூடினமாதிரி. நல்லவனுக்குப் போட்ட ஓட்டு கெட்டவனுக்குப் போய்ச் சேருகிற இந்த வித்தையை யார் கண்டுபிடித்தார்களோ. தொகுதியில் அந்த ஓர் ஓட்டில் குடை தோற்றால்? நடக்காது. நூற்றுப் பதினொன்றில் தோற்றது, அது மட்டும் நடக்கும் என்று யாராவது நினைத்தார்களா? வேலை. முதல் கையெழுத்து. மாத்திரை, கலியபெருமாளின் இரத்தக் கொதிப்பு மாத்திரை, காலையில் ஒன்று, இராத்திரி பாதி. பாதியாக உடைத்தால் அது எப்போதும் சரிபாதியாக உடையாது. குடைக்குத்தான். எழில், நீ கோவிச்சுக்காதே சாமி, அப்பாவுக்கு மாத்திரை வாங்கணும்.

“நகருங்கம்மா” என்றார் போலீஸ்காரர். முன்னால் நான்கு தலை. உள்ளே ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை. மூன்றாவது அறைதான். இதே அறை. கரும்பலகையில் பாகம் எண்ணும் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடுகிற மேஜையில் வரிசை அடைத்துக்கொண்டு நின்றது, பார்த்தால் கருப்பாயி. எழுபத்தைந்து வயசிருக்கும். ரேகை வைங்கம்மா, நேரமாவுது என்று அதிகாரி மை டப்பாவைத் தள்ளினார். “என்னாத்துக்கு ரேகை? எனக்குக் கையெழுத்து வரும்” என்றாள் கருப்பாயி. பேனாவை நெல் நாற்றுப் பிடிக்கிறமாதிரி பிடித்துக்கொண்டு, க போட்டாள். நின்றாள். ரு. வெளியே யாரோ சலித்துக்கொண்டார்கள். கருப்பாயிக்கு ‘ப்’ எப்போதும் பெரிதாக வந்துவிடும், கட்டத்துக்குள் நிற்காது. முதல் நாளிலிருந்தே அப்படித்தான். பூங்கோதையின் வலது கை தானாக எழுந்தது, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்து நகர்த்தப் போகிறமாதிரி. யி போட்டுப் புள்ளியும் வைத்தாள் கருப்பாயி. யி-க்குப் புள்ளி கிடையாது. ஆனாலும் வைப்பாள். நிமிர்ந்து பார்த்து, “டீச்சர்” என்று சிரித்தாள். முப்பத்தேழு வருஷத்தில் அவளை டீச்சர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள். இந்தப் பதிவேட்டில் இன்றைக்கு எத்தனை கையெழுத்து, அதில் எத்தனை தான் சொல்லிக்கொடுத்தது என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு ஆசை வந்தது. யாரும் அதற்காக அவளை வேலையில் வைக்கவும் இல்லை, அதற்காக நீக்கவும் இல்லை. பெயரையும் எண்ணையும் உரக்கப் படித்தார்கள். இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுத் தலைதூக்கிப் பார்த்தார்கள். இவள் எங்கள் ஓட்டு என்று குடைக்காரன் பார்வை. எங்களுக்கு இல்லை என்று தேர்க்காரன் பார்வை. அவள் ஓட்டு என்று ஒருவர் பார்வையும் சொல்லவில்லை. இடது ஆட்காட்டி விரலில் மை குளிர்ந்தது.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அவள் மட்டும். இவ்வளவு நேரமாக நசுங்கி நின்றவளுக்கு அந்த இரண்டடி இடம் பெரிய இடமாக இருந்தது. மெஷினில் பன்னிரண்டு வரி. ஒன்று, தேர். இரண்டு, குடை, நடேசமூர்த்தி. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார். நினைத்துவைத்தபடியே கட்டை விரலால் அதை மறைத்தாள். மறைத்ததும், கறுப்பாக ஈரமாக இருந்த தன் ஆட்காட்டி விரல் நுனிதான் கண்ணில் பட்டது. பிணவறை வாசலில் கையெழுத்துப் போட முடியாமல் பேனாவை நழுவவிட்டபோது ரேகை வைக்கச் சொன்னார்கள். ஊருக்கே கையெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் ரேகை வைத்தாள். பக்கத்தில் நின்ற சவரிராஜ் அண்ணன், கர்ச்சீப்பைத் தண்ணீரில் நனைத்து அந்த மையைத் துடைத்துவிட்டார், விரல் நகம்வரை துடைத்துவிட்டார். குடைக்குத்தான். கை கீழே போயிற்று. மூன்று, நான்கு, ஐந்து. யார் யாரோ, தெரியாத முகங்கள். கலியபெருமாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டு, ஒன்பது. அம்மா, வந்து சாப்பிடறேன். பதினொன்று. சின்னதாக ஒரு தையல் மெஷின். போட்டோவில் அண்ணன் சிரிக்கவில்லை, தபாலாபீஸ் அடையாள அட்டைக்கு எடுத்த பழைய போட்டோ. தோத்துட்டோம் தங்கச்சி, ஆனா சொல்லிட்டோம். அமுக்கினாள். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது: பதினொன்று, சவரிராஜ், தையல் மெஷின். ஏழு நொடி அது அங்கே நின்றது. நின்ற நேரம் முழுக்க, ஐயோ என்ன செய்துவிட்டேன் என்ற பயமும், ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போகிற நிம்மதியும் சேர்ந்தே இருந்தன. சீட்டு அறுந்து உள்ளே விழுந்தது. பீப் என்று நீளமாக ஒலித்தது, எல்லோருக்கும் ஒலிக்கிற அதே சத்தம்.

வெளியே வந்தபோது கால் இரண்டும் ஒரேயடியாக வலித்தது. இருநூறு மீட்டருக்கு அப்பால், சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஒரு பக்கம் தேருக்குப் பந்தல், மறுபக்கம் குடைக்குப் பந்தல். இரண்டிலும் இல்லாமல் புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சவரிராஜ் நின்றிருந்தார். வேட்பாளர் என்று சட்டையில் ஓர் அட்டை குத்தியிருந்தது. அவளைப் பார்த்ததும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாலடி முன்னால் வந்தார்.

“போட்டாச்சா தங்கச்சி?”

“ஆச்சுண்ணே.” விரலைக் காட்டினாள்.

“ஒண்ணு சொல்லணும். முந்தாநாளே சொல்லிடலாம்னு உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். மாப்பிள்ள வாசல்ல உக்காந்திருந்தாரு. திரும்பிட்டேன்.” சைக்கிள் மணியை விரலால் தேய்த்தார். “எனக்குப் போட்டுடாதன்னு சொல்லத்தான் வந்தேன்.”

அவள் மை விரலைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கிக்கொண்டாள்.

“நூத்திப் பதினோரு ஓட்டுல போன தொகுதி இது. உனக்கு இதுதான் கடசி. நான் நின்னது அந்த ஆளு பேருக்கு எதிர்ல ஒரு பேரு இருக்கட்டும்னுதான், உன் சோத்துல மண்ணள்ளிப் போட இல்ல. காலைல ஏழு மணிக்கே போயி என் ஓட்ட நான் குடைக்கே போட்டுட்டேன்.”

“அண்ணே, நீங்களா?”

“ஆமா. மாதா மன்னிக்கணும். கை கூசிப்போச்சு. அந்தச் சீட்டு கண்ணாடிக்குள்ள நிக்குது பாரு, அது விழற வரைக்கும் கண்ண மூடிகிட்டேன்.” சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. “நீயும் அதுக்குத்தானே போட்டிருப்ப? போட்டிருக்கணும்.”

அவளுக்கு அந்த மனிதரின் காலில் விழுந்து அழவேண்டும்போல இருந்தது. குடைப் பந்தலிலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமாண்ணே” என்றாள். “குடைக்குத்தான்.”

“அப்பாடா” என்றார் சவரிராஜ். உண்மையாகவே அவர் முகம் தெளிந்தது. “அப்ப நம்ம சாவடில எனக்கு முட்டை. கண்ணுச்சாமிக்குத் துணைக்கு ஆளு சேந்தாச்சு. ஊரு சிரிக்கும், சிரிக்கட்டும். நீ போ, வெயில் ஜாஸ்தி.”

அவள் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் கலியபெருமாள் கேட்பார், அவரிடமும் இதையே சொல்லவேண்டும். அது பெரிய காரியமில்லை, ஒரு தடவை சொன்னது இரண்டாம் தடவை சுலபமாக வரும். ஓட்டு எண்ண இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. அன்றைக்குச் சவரிராஜ் அண்ணனுக்கு ஏஜெண்ட் யாரும் இருக்கமாட்டார்கள், அவரே போய்க் கம்பி வலைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து, தபால்காரர் கையெழுத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். நூற்று நாற்பத்திரண்டாம் சாவடி, பதினோராம் எண், ஒன்று என்று படிப்பார்கள். குடை ஜெயித்திருக்கலாம், தோற்றிருக்கலாம், எத்தனை ஓட்டில் என்பதுதான் கடவுளுக்கே வெளிச்சம். அவன் ஓட்டை அவனே போட்டுக்கொண்டான் என்று ஊர் சொல்லிச் சிரிக்கும். அந்த ஒன்று அவர் போட்டது இல்லை என்பது அவருக்கும் அவளுக்கும்தான் தெரியும்.